கடலோர நகர ஆய்வும் கண்மாயும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் புவியியல் முதுகலை படிக்கிறேன். கடலோர நகரங்கள் புயலையும் வெள்ளத்தையும் கடல்மட்ட உயர்வையும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று ஆய்வு செய்ய ஆசை. "மதுரையில இருந்துக்கிட்டு கடலப் பத்தி என்னத்தப் படிக்கப் போற?" என்கிறார்கள் வீட்டில். இந்தத் துறை இப்போது எந்தப் பக்கம் போகிறது?

செல்வி, நரிமேடு

அன்புள்ள செல்வி,

தாராளமாக எடுங்கள். அலை எவ்வளவு உயரும், எவ்வளவு உயரத்துக்குச் சுவர் வேண்டும் என்பதே ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் மேல் கவனம் திரும்பியது. இப்போது ஆய்வாளர்கள் கடலைவிட்டு நிலத்தின் பக்கம் அதிகம் பார்க்கிறார்கள். ஜகார்த்தாவின் வடபகுதியில் கடல் ஏறுவதைவிட நிலம் வேகமாக இறங்குகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதுதான் முக்கியக் காரணம். டோக்கியோவின் தாழ்வான பகுதிகளும் இப்படி இறங்கியவைதான். நீர் எடுப்பதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, 1970களில் நிலம் இறங்குவது பெருமளவு நின்றது.

மழை, ஆறு, கடல் மூன்றும் சேர்ந்து வரும் வெள்ளம்தான் இன்று சூடான பொருள். இதற்குச் சென்னையையே எல்லோரும் எடுக்கிறார்கள். நீங்கள் தூத்துக்குடியை எடுங்கள் என்பேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரத்துக்குள் கோரம்பள்ளம் குளம் உடைந்த தண்ணீரும் புகுந்தது. கிழக்கே கடலை வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து வந்த தண்ணீரில் தத்தளித்தது அந்த ஊர்!

இங்கேதான் மதுரைக்காரர் வேண்டும். மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழி), கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (தண்ணீர் வந்து சேரும் கால்வாய்) எல்லாம் உங்களுக்குப் பாடப்புத்தகச் சொல் இல்லை. ஒரு கண்மாய், அதாவது குளம், நிறைந்தால் மறுகால் பாயும் உபரிநீர் எந்தக் கண்மாய்க்குப் போகும், நடுவில் எந்த இடம் வீட்டுமனையானது என்று செல்லூரிலோ வண்டியூரிலோ ஒரு பெரியவரைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அதே கேள்வியோடு தூத்துக்குடிக்கு பஸ் ஏறுங்கள். பழைய கிராம வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குளத்தின் உபரிநீரும் கடலைச் சேரும் வழியை நடந்தே பாருங்கள்.

அப்புறம், உப்பளத் தொழிலாளர்களிடம் கட்டாயம் பேசுங்கள். சாலையும் மின்சாரமும் திரும்பினால் நகரம் மீண்டுவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். அம்பாரம் போட்டுவைத்த உப்பு கரைந்துபோனவருக்கு மறுபடி கூலி கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்பதும் உங்கள் அட்டவணையில் வர வேண்டும்.