அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: திருவிடைமருதூர் வட்டத்தில் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறேன். மகன் கும்பகோணத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில், சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இந்த வருடம் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். கேட்டால் அரசு நிதி குறைந்துவிட்டது என்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரி வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டிருக்கிறார்கள், கொஞ்ச நேரம் சாலையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிட்டது. இப்போது ‘பெட்டி கேஸ்தான், கோர்ட்டில் அபராதம் கட்டினால் முடிந்தது’ என்கிறார்கள். கல்லூரியோ மகனை இடைநீக்கம் செய்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்கிறது. அவனுக்கு எஸ்.ஐ. ஆக ஆசை. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, முதலில் அந்த அபராதத்தைக் கட்டாதீர்கள். நடவு நேரத்தில் கோர்ட்டுக்கு அலைய முடியாது, சில நூறு ரூபாயோடு விட்டது தொல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அபராதம் கட்டுவதென்றால் நீதிபதி முன் உங்கள் மகன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அது தண்டனை. தொகை நூறோ ஆயிரமோ, பதிவேட்டில் ‘தண்டிக்கப்பட்டவர்’ என்றுதான் இருக்கும். காவல்துறை வேலையில் சேர்பவரின் முன்வரலாற்றை அலசிப் பார்ப்பார்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்களுக்கே அங்கே சிக்கல் வருகிறது. ‘பெட்டி கேஸ்தான்’ என்று உங்களிடம் சொன்னவர் எஸ்.ஐ. வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பப் போவதில்லை.

அப்புறம், எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம், சில வகை வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறது. என்னென்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) 189(2), 126(2), 223 இருக்கும். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 341, 188 என்று இருந்தவைதான், 1.7.2024 முதல் எண்கள் மாறிவிட்டன.

இதில் 223, அதாவது அதிகாரியின் உத்தரவை மீறியது, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்தக்கூடிய வழக்கே இல்லை. சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் விசாரிக்க முடியும். 189 சட்டவிரோதக் கூட்டம். ஐந்து பேர் கூடினாலே சட்டவிரோதம் ஆகிவிடாது. வன்முறை, குற்றம் செய்வது போன்ற பொது நோக்கம் வேண்டும். கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில் (ஜீவானந்தம் வழக்கு, 2018) சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த இரண்டு விஷயத்தையும் அலசி, போராடியவர்கள் மீதான வழக்கை ரத்து செய்தது. இன்றுவரை எங்களைப் போன்ற வக்கீல்கள் அதை நம்பித்தான் வாதாடுகிறோம்.

சாலையில் உட்கார்ந்ததுதான் கொஞ்சம் இடிக்கிறது. அமைதியாகக் கூடுவது அடிப்படை உரிமை, சரி. போக்குவரத்தை மறிப்பது அந்த உரிமைக்குள் வராது. ஆனாலும் அதற்குப் போடும் 126(2)-க்கு, அதாவது வழி மறித்ததற்கு, அதிகபட்ச தண்டனை ஒரு மாத வெறுங்காவல்தான். ஓராண்டு வரையான தண்டனைக் குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் காலவரம்பு ஓராண்டு. அதைத் தாண்டிக் குற்றப்பத்திரிகை போட்டால் அதுவே நமக்கு நல்ல வாதம்.

மகனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: எந்த விண்ணப்பத்திலும் இந்த வழக்கை மறைக்கக் கூடாது. அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் தன் விருப்பப்படி அதை மன்னிக்கலாம் என்றது. ஆனால் அது அவர் விருப்பம்தான், அந்தச் சலுகையை நம்பி மறைக்க முடியாது.

கல்லூரி விஷயத்துக்கு வருவோம். இடைநீக்க உத்தரவு எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகுதான் தண்டிக்க முடியும். ‘சட்டவிரோதச் செயலில் ஈடுபட்டதற்கு வருந்துகிறேன்’ என்று அவர்களே அடித்து வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அது வழக்குக் கட்டில் வந்து உட்காரும். அதற்குப் பதிலாக, ‘கல்லூரி விதிகளை மதித்து நடப்பேன், வகுப்புக்கு அனுமதியுங்கள்’ என்று மட்டும் நீங்களே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கூடவே மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு ஒரு மனு. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும், 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு.

கட்டணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அரசு ஏன் நிதியைக் குறைத்தது என்று கேட்டு நீதிமன்றம் போனால், கொள்கை முடிவு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினான்கு வயதுக்கு மேல் கல்வி உரிமை அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டது என்று உன்னிகிருஷ்ணன் வழக்கிலேயே (1993) சொல்லியாகிவிட்டது. அந்தச் சண்டைக்கு இடம் தெருவும் சட்டமன்றமும்தான். பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் வாங்கினால், அது சட்டப் பிரச்சினை. சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தருவதில்லை, மாணவர் கட்டணத்தில்தான் ஓடுகிறது. அதனால் ‘மானியம் குறைந்தது’ என்ற காரணம் உங்கள் மகனின் பிரிவுக்கு எப்படிப் பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்டணம் எவ்வளவு என்று தஞ்சாவூர் மண்டல கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வரும்வரை பழைய தொகையையாவது டி.டி.யாக எடுத்து, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்ற கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குறுவைப் பணம் கைக்கு வரும்வரை தவணை கேட்பதிலும் தப்பில்லை. தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்தினால் உடனே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். கும்பகோணம் தஞ்சை மாவட்டம் என்பதால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். இதே சம்பவம் பக்கத்தில் திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடியில் நடந்திருந்தால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், எல்லை அப்படிப் பிரித்திருக்கிறார்கள். ஒரே எஃப்.ஐ.ஆர். என்றால் அதில் பெயருள்ள எல்லா மாணவர்களும் சேர்ந்து ஒரே மனு போடலாம். வக்கீல் செலவும் பங்காகிவிடும். மற்ற பெற்றோர்களிடம் இந்த வாரமே பேசுங்கள், அவர்களில் யாரும் அதற்குள் அபராதம் கட்டப் போய்விடக் கூடாது.