காலைல 152, ராத்திரி 118... அப்பாவோட நிஜமான பிபி எது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. ரெண்டு வருஷமா தினமும் காலைல ஒரு பிபி மாத்திரை போடுறார். வீட்ல மெஷின் வாங்கி நானே பாக்குறேன். கண்ணு முழிச்சதும் கட்டில் ஓரத்துல உக்கார வச்சு பாத்தா 152/94, மதியம் 130/82, படுக்கப் போறப்ப 118/74. இதுல எதை நம்புறது? ராத்திரியே இவ்ளோ கம்மின்னா தூக்கத்துல இன்னும் இறங்கிடுமோன்னு பயமா இருக்கு. காலைல மட்டும் இன்னொரு மாத்திரை சேத்துக்கலாமா? குறட்டை வேற ஜாஸ்தி, ராத்திரி மூணு தடவை பாத்ரூம் போறார்.

பதில்: மூணுமே நிஜம்தாங்க. பிபி ஒரு நம்பர்ல நிக்காது, உக்காந்தா ஒன்னு, நடந்தா ஒன்னு, பேசினா ஒன்னு. ஆனா அதுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. தூங்க ஆரம்பிச்சதும் உடம்பை உசுப்பிவிடுற நரம்புகள் அடங்கி, இதயத்துடிப்பு குறைஞ்சு, ரத்தக்குழாய் தளர்ந்து, பகல் சராசரியை விட 10லேர்ந்து 20 சதவீதம் வரைக்கும் பிபி இறங்கும். பகல்ல மேல் நம்பர் சராசரியா 135ன்னு வச்சுக்குங்க, தூக்கத்துல 108லேர்ந்து 121க்குள்ள வரணும். அதனால தூக்கத்துல இறங்குறதை நினைச்சு பயப்படாதீங்க, இதயத்துக்கும் கிட்னிக்கும் கிடைக்கிற ஓய்வே அதுதான். இறங்காம இருந்தாதான் நான் கவலைப்படுவேன்.

விடியற்காலைல நாம முழிக்கிறதுக்கு முன்னாடியே கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் ஏற ஆரம்பிச்சிடும், எழுந்து நின்னதும் அட்ரினலினும் சேந்துக்கும், பிபி சட்டுனு மேல போகும். ஹார்ட் அட்டாக்கும் ஸ்ட்ரோக்கும் காலை 6 மணிலேர்ந்து மதியத்துக்குள்ள அதிகமா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். நைட் ஷிப்ட் பாக்குறவங்களுக்கு பெரும்பாலும் இந்த ஏத்த இறக்கம் தூங்குற நேரத்தோடயே நகர்ந்து போயிடும்.

இப்ப அந்த 152க்கு வருவோம். கட்டில் ஓரத்துல உக்காந்தா முதுகுக்கு சப்போர்ட் இல்ல, கை தொங்கும், ராத்திரி பூரா சேந்த யூரின் வேற முட்டிக்கிட்டு இருக்கும், இது ஒவ்வொன்னுமே நம்பரை ஏத்திவிடும். இன்னொன்னு, காலைல போட்ட மாத்திரையோட வேகம் அடுத்த நாள் காலைலதான் ரொம்ப குறைஞ்சிருக்கும், சில மாத்திரை 24 மணி நேரம் முழுசா தாங்கவும் தாங்காது. அதனால 152 அளந்த விதத்துல வந்ததா, மாத்திரையோட வேகம் தீந்து போனதால வந்ததா, இல்ல நிஜமாவே அவ்ளோ இருக்கான்னு இப்போதைக்கு சொல்ல முடியாது.

ஒரு வாரம் இப்படி பாருங்க. எழுந்து பாத்ரூம் போயிட்டு வரட்டும், காபி, சிகரெட்லாம் அதுக்கு முன்னாடி வேணாம், சாஞ்சு உக்கார்ற நாற்காலில ரெண்டு காலும் தரைல படுற மாதிரி அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும், கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல இருக்கணும். பட்டை கை சைஸுக்கு சரியா இருக்கான்னும் பாருங்க, சின்னதா இருந்தா நம்பர் ஏத்திதான் காட்டும். மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷ இடைவெளில ரெண்டு தடவை, சாயங்காலமும் அதே மாதிரி ரெண்டு தடவை. நீங்க பக்கத்துல நின்னு "எவ்ளோ வந்துச்சு"ன்னு கேக்காதீங்க, அவர் வாயைத் திறந்து பதில் சொன்னாலே கூடும். முதல் நாளை விட்டுட்டு மத்ததுக்கு சராசரி போடுங்க, அது 135/85ஐ தாண்டினா அதிகம்.

ஆனா உங்க கடிதத்துல என்னை நிறுத்தினது கடைசி வரிதான், குறட்டையும் மூணு தடவை பாத்ரூமும். குறட்டை நடுவுல சில செகண்ட் மூச்சே நின்னுட்டு திடீர்னு இழுத்துக்கிட்டு மறுபடி ஆரம்பிக்குதான்னு ஒரு ராத்திரி முழிச்சிருந்து கவனிங்க. அது ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம். ஒவ்வொரு தடவை மூச்சு நிக்கிறப்பவும் ஆக்ஸிஜன் குறையும், உடம்பு பதறிப்போய் அட்ரினலினை விடும், தூங்குறவரோட பிபி பகல் மாதிரியே மேல நிக்கும். ராத்திரி அடிக்கடி யூரின் போறதுக்கும் இது ஒரு காரணம் (சுகர், ப்ராஸ்டேட்டையும் பாக்கணும்). கிட்னி கோளாறு, ரொம்ப நாள் சுகர் இருக்கிறவங்களுக்கும் இந்த இறக்கம் காணாம போயிடும், உப்பு ஜாஸ்தியா இருந்தாலும் சிலருக்கு அப்படி ஆகும்.

படுக்கப் போறப்ப எடுத்த 118 இதைக் காட்டவே காட்டாது, ஏன்னா அப்ப அவர் முழிச்சிருக்கார். அதுக்குத்தான் 24 மணி நேர பிபி டெஸ்ட். கைல பட்டையும் இடுப்புல சின்ன மெஷினும் கட்டி விடுவாங்க, பகல்ல 15லேர்ந்து 30 நிமிஷத்துக்கு ஒரு தடவையும், ராத்திரி கொஞ்சம் இடைவெளி விட்டும் அதுவே அளந்துக்கும். 24 மணி நேர சராசரி 130/80, தூக்க சராசரி 120/70, இதுக்கு மேல போனா அதிகம். அப்பாவுக்கு இந்த டெஸ்ட்டை டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, குறட்டை விஷயத்தையும் மறக்காம சொல்லுங்க.

மாத்திரையை நீங்களா கூட்டவும் வேணாம், 118ஐ பாத்துட்டு நிறுத்தவும் வேணாம். ராத்திரிக்கு மாத்தினா நல்லதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வச்சு செஞ்ச டைம்ங்கிற ஆய்வு 2022ல வந்துச்சு, காலைல போட்டாலும் ராத்திரி போட்டாலும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், சாவு இதுல வித்தியாசம் இல்லன்னுதான் முடிவு. மறக்காம போடுற நேரம்தான் அவருக்கு சரியான நேரம். எழுந்து நிக்கிறப்ப தலை சுத்துதுன்னு சொன்னா மட்டும் உக்காந்து ஒரு தடவை, நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பாத்து, மேல் நம்பர் 20க்கு மேல இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. நெஞ்சு வலி, மூச்சு திணறல், பேச்சு குழறுறது, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறது, இதுல ஒன்னு வந்தாலும் பிபி பாத்துக்கிட்டு உக்காராதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க.

டெஸ்ட் அன்னிக்கு பட்டை இறுகுறப்ப கையை ஆட்டாம வச்சுக்க சொல்லுங்க, நடந்துக்கிட்டு இருந்தா நிக்கட்டும். எத்தனை மணிக்கு தூங்கினார், எப்ப எழுந்தார், பாத்ரூம் போன நேரம் எல்லாத்தையும் ஒரு தாள்ல குறிச்சு ரிப்போர்ட்டோட குடுங்க, அந்த நேரத்தை வச்சுத்தான் ராத்திரி எவ்ளோ இறங்கிச்சுன்னு கணக்கு பண்ணுவாங்க.