கூட்டாகத் தங்கும் வீட்டில் ஒருவருக்குச் சின்னம்மை: வெளியே அனுப்ப வேண்டுமா?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பையன். கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செத்தாப்பாக்கில் மூன்று அறை கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றில் ஐந்து பேராகத் தங்கியிருக்கிறோம். எங்களில் ஒருவனுக்கு நேற்றுக் காய்ச்சல். இன்று (செவ்வாய்) காலை நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள். படம் இணைத்திருக்கிறேன். "அம்மை போட்டிருக்கு, இங்கிலீஷ் மருந்து எதுவும் கொடுக்காதீங்க, வேப்பிலை வையுங்க" என்று ஊரிலிருந்து அவன் அம்மா சொல்கிறார். வீட்டு ஏஜெண்டோ மாலைக்குள் அவன் வெளியே போக வேண்டும் என்கிறார். எங்களில் இருவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோயிற்று. எனக்கும் யாழ்ப்பாணத்து நண்பனுக்கும் வந்ததில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைகூட அவன் நன்றாகத்தான் இருந்தான். கிள்ளானில் ஒரு நண்பனின் அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி, அவர் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மாணவர் பாஸுக்கு (இங்கே தங்கிப் படிக்கும் அனுமதி) ஏதும் பிரச்சினை வருமா? என்ன செய்வது?

பதில்: தம்பி, நேரம் முக்கியம் என்பதால் அன்று மதியமே உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். இந்த நகரத்தில் உங்களைப் போலக் கூட்டாக வீடு எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கிள்ளான் அக்கா. நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் பிறகு என்று ஆகிவிட்டது. சின்னம்மை, கொப்புளம் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். செவ்வாய் காலை கொப்புளம் என்றால், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இலை போட்டுச் சாப்பிடும்போதே உங்கள் நண்பரின் மூச்சுக்காற்றில் கிருமி இருந்திருக்கலாம். அக்காவுக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்திருந்தாலோ, தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருந்தாலோ பெரும்பாலும் கவலையில்லை. கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். நிச்சயமாகத் தெரியாது என்றால், அவர் மாதப் பரிசோதனைக்குப் போகும் கிளினிக்குக்கு இன்றே போன் செய்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்று வந்தால், தொற்று பட்ட 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புச் சக்தி) ஊசி போடலாம், அல்லது வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுக்கலாம். அது மருத்துவர் முடிவு. சின்னம்மைத் தடுப்பூசியை மட்டும் கர்ப்பிணிக்குப் போடக்கூடாது. கர்ப்பகாலத்தில் இந்த நோய் வந்தால் தாயின் நுரையீரலைத் தாக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இனி உங்கள் நண்பர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் சில இடங்களில் வெறும் சிவப்புப் புள்ளி. பக்கத்திலேயே சிவந்த தோலின் மேல் பனித்துளி உட்கார்ந்தது போல நீர்க்கொப்புளம். தோள்பட்டைப் பக்கம் இரண்டு மூன்று கலங்கத் தொடங்கியிருக்கின்றன. இப்படி வெவ்வேறு பருவத்தில் உள்ள கொப்புளங்கள் ஒரே நேரத்தில், அதுவும் உடம்பின் நடுப்பகுதியில் கூடுதலாக இருப்பது சின்னம்மையின் அடையாளம். தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம். ஆனாலும் படத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் காய்ச்சல் என்றால் டெங்கியையும் நினைக்க வேண்டும். கிளினிக்கில் தேவைப்பட்டால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். போவதற்கு முன் போன் செய்து, "சாச்சார் ஆயிர் (மலாயில் சின்னம்மை) என்று நினைக்கிறோம்" என்று சொல்லுங்கள். பின்வாசல் வழியாகவோ கூட்டம் இல்லாத நேரத்திலோ வரச் சொல்வார்கள். முகக்கவசம் போட்டு, எல்ஆர்டி ரயிலில் ஏறாமல், ஏற்கெனவே அம்மை வந்த நண்பர்களில் ஒருவர் காரில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கூட்டிப் போகட்டும்.

ஏன் இன்றே என்கிறேன்? குழந்தைக்கு வரும் சின்னம்மை வேறு, 20 வயதுப் பையனுக்கு வருவது வேறு. பெரியவர்களுக்குக் கொப்புளமும் அதிகம், காய்ச்சலும் அதிகம், நிமோனியா ஆபத்தும் அதிகம். புகைபிடிப்பவர் என்றால் இன்னும் கூடுதல். குளிர்நாடுகளில், தடுப்பூசி பரவலாவதற்கு முன், பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே வந்துபோய்விடும். நம் வெப்ப நாடுகளில், தமிழ்நாடாகட்டும் இலங்கையாகட்டும் மலேசியாவாகட்டும், அம்மை வராமலேயே பல்கலைக்கழகம் வரை வந்துவிடும் பிள்ளைகள் கணிசம். இவர்களுக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இருக்கிறது. வழக்கமாக 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, ஒரு வாரம். முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வேப்பிலை கட்டிவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று இருந்தால் அந்த நேரம் போய்விடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் மருத்துவரே எழுதித் தரட்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

அவன் அம்மாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். மருந்தே இல்லாத பெரியம்மைக் காலத்தில், வீட்டோடு இருக்க வைத்து, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை வரவிடாமல் செய்தது நம்மவர்கள் கண்ட நல்ல தனிமைப்படுத்தல். அந்தப் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இப்போது வந்திருப்பது வேறு நோய், இதற்கு மருந்து இருக்கிறது. வாசலில் வேப்பிலை இருக்கட்டும், மாரியம்மனை வேண்டிக்கொள்ளட்டும், மோரும் இளநீரும் கூழும் குடிக்கட்டும். அதோடு மாத்திரையும் போகட்டும். நானே அந்த அம்மாவிடம் பேசவும் தயார். ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்: உடைந்த கொப்புளத்தின் மேல் அரைத்த வேப்பிலையோ மஞ்சளோ பூச வேண்டாம், சீழ் பிடிக்கும். தண்ணீரே விடக்கூடாது என்பதும் சரியல்ல. தினமும் வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கேலமைன் லோஷன் தடவலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதும். புரூஃபனும் (ஐபுபுரூஃபன்) ஆஸ்பிரினும் வேண்டவே வேண்டாம்.

ஏஜெண்ட் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காய்ச்சலோடு ஒரு பிள்ளையைச் சாயங்காலத்துக்குள் வெளியே போ என்றால் அவன் எங்கே போவான்? ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், ஒரு ஹோட்டல் ஊழியர், பக்கத்து அறையில் ஒரு குழந்தை என்று நோய் பரவும். ஊருக்கு விமானம் ஏற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள்; கொப்புளம் காயாத நிலையில் விமான நிறுவனமும் ஏற்றாது. உங்கள் வீட்டில் பரவ வேண்டியது ஞாயிறு, திங்களிலேயே பரவத் தொடங்கியிருக்கும். ஒரே வீட்டில் இருந்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேரில் 9 பேர் வரைக்கும் இது தொற்றக்கூடியது. இப்போது அவனை விரட்டுவதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கூடுதலாகக் கிடைத்துவிடாது. மருத்துவர் தரும் கடிதத்தை ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து ஒரு போன் போனால் பெரும்பாலும் பேச்சு மாறும்.

குளியலறையோடு சேர்ந்த மாஸ்டர் அறையை அவனுக்குக் கொடுங்கள். அந்த அறைக்குக் கூடுதல் வாடகை கட்டுபவர் யாராக இருந்தாலும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும். கதவு மூடியிருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். சாப்பாடு கொடுப்பதும் துணி எடுப்பதும் அம்மை வந்துபோன இருவரின் வேலை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை, சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாள், அவன் வெளியே வர வேண்டாம்.

நீங்களும் யாழ்ப்பாணத்து நண்பரும் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தொற்று பட்ட மூன்று நாளுக்குள் போட்டால் நல்லது. ஐந்து நாள் வரைக்கும் பயன் உண்டு. உங்கள் கணக்குக்கு இந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி. மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லாக் கிளினிக்கிலும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள், போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டாம் தவணை நான்கு வாரமாவது கழித்து. இந்தத் தடுப்பூசியை 1974-இல் உருவாக்கியவர் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி. ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் குடும்பத்தோடு இருந்தபோது அவருடைய சிறுவயது மகனுக்கு 1964-இல் சின்னம்மை கடுமையாக வந்தது. அந்த அனுபவம்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அயல்நாட்டில் நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நண்பருக்கு மூச்சு வாங்கினாலோ, இருமல் அதிகமானாலோ, நெஞ்சு வலித்தாலோ நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 999. பேச்சு குழறுவது, கடுந்தலைவலியோடு வாந்தி, கண்ணில் கொப்புளம், குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறுவது, ஒரு கொப்புளத்தைச் சுற்றித் தோல் சூடாகிச் சிவப்பு பரவுவது, இவையும் காத்திருக்கக் கூடாதவை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைப் பார்மசியில் வாங்கி வையுங்கள். 95-க்குக் கீழே நின்றால் கிளம்பிவிடுங்கள். மாணவர் பாஸோடு எடுத்த காப்பீட்டு அட்டையை எல்லாரும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள்.

சின்னம்மை வந்ததற்காக மாணவர் பாஸ் போய்விடும் என்று பயந்து நோயை மறைக்க வேண்டாம். பாஸ் புதுப்பிக்கும்போது 80 விழுக்காடு வகுப்பு வருகை பார்க்கிறார்கள். அதற்குத்தான் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) முக்கியம். முதல் நாளிலிருந்தே எம்சி வாங்கி, நகலைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பரீட்சையைப் பொறுத்தவரை, நோய் வந்தவர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அநேகமாகப் பொருக்குத் தட்டி, பரீட்சை எழுதிவிடுவார். சிக்கல் உங்கள் இருவருக்குத்தான். தொற்று பட்ட எட்டாம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை நீங்கள் அடுத்தவருக்குப் பரப்பக்கூடியவர்கள். பரீட்சை அதற்கு நடுவில் வருகிறது. கொப்புளம் வந்த பிறகு ஓடுவதைவிட, இந்த வாரமே இருவரும் பரீட்சைப் பிரிவுக்கு எழுதி, நண்பரின் மருத்துவக் கடிதத்தையும் உங்கள் தடுப்பூசி ரசீதையும் இணைத்து, தனி அறையில் எழுதலாமா, மறுபரீட்சை வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் வரும்வரை தினமும் காலையில் காய்ச்சல் பார்த்துக் குறித்து வையுங்கள்.