கழுத்து இறகு போன வாத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊருக்கு வெளியே தோட்டத்தோடு வீடு பார்த்துக் குடிவந்தபோது, வாத்து வாங்கித் தருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். போன கோடையின் கடைசியில் ஐந்து குஞ்சுகள் வந்தன. வளர்ந்தபிறகு பார்த்தால் மூன்று பெண், இரண்டு ஆண். குளிர்காலம் முழுக்க ஐந்தும் ஒன்றாகத் திரிந்தன, ஒன்றாகத் தூங்கின. வசந்தம் வந்ததும் எல்லாம் தலைகீழ். ஆண்கள் இரண்டும் ஒரே பெண்ணைத் துரத்தித் துரத்திக் கழுத்தைக் கவ்வி அமுக்குகின்றன. அதன் பின்கழுத்தில் இறகே இல்லை, தோல் தெரிகிறது. நேற்று குளத்தில் இரண்டும் சேர்ந்து அதை முக்கிவிட்டன, நான் இறங்கித்தான் தூக்கினேன். "இயற்கை அப்படித்தான், நீ நடுவில் போகாதே" என்கிறார் கணவர். இன்னொரு பெண் புதருக்கடியில் முட்டையிட்டுச் சேர்க்கிறது. அது பொரிக்கட்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். இதற்கிடையில் நட்ட லெட்டூஸ் நாற்று முழுவதும் காலி. நான் தலையிடலாமா, இல்லை மனதைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொள்ள வேண்டுமா?

ஆர்

அன்புள்ள ஆர்,

தலையிடுங்கள். இன்றைக்கே.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வளர்ப்பு வாத்துகள் அநேகமாக எல்லாமே காட்டு மல்லார்ட் வாத்தின் வழிவந்தவை. மஸ்கோவி மட்டும் தனி இனம். அந்தக் காட்டு வாத்துகளிலும் ஆண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பெண்ணை மடக்குவது உண்டு. இது எவ்வளவு பழைய சண்டை என்பதற்குப் பெண் வாத்தின் உடம்பே சாட்சி. பாட்ரிசியா பிரென்னனும் உடன் ஆய்வாளர்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஆணின் உறுப்பு எந்தத் திசையில் சுருள்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் பெண்ணின் பாதை சுருள்கிறது. வழியில் முட்டுச்சந்துகள் வேறு. வேண்டாத ஆணின் கரு தரிக்காமல் இருக்க உடல் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்த அரண் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

மீதிப் பாதியைத்தான் அவர் விட்டுவிட்டார். காட்டு வாத்துகள் வசந்தம் பிறக்கும் முன்பே ஜோடி சேர்ந்துவிடும். தன் ஜோடியை ஓரளவுக்காவது ஆண் காவல் காக்கும். அது முடியாவிட்டால் பெண் பறந்து போய்விடலாம், ஏரி முழுக்க அதற்கு இடம் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் வேலி இருக்கிறது. வளர்ப்பு இனங்கள் பெரும்பாலும் உடல் கனத்து, பறக்கும் திறன் போனவை. மூன்று பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கை இயற்கை போடவில்லை, உங்களுக்குக் குஞ்சு கொடுத்தவர் போட்டார். ஓட இடமில்லாமல் அடைத்துவைத்துவிட்டு இயற்கை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அதற்காக ஆண்களைத் திட்டியும் பயனில்லை. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம் கழித்து ஆண் வாத்து மறுபடி அங்கேயே வந்து நிற்கும். பகல் நீள நீள அந்த வெளிச்சம் மூளைக்கு எட்டி, சுரப்பிகளை முடுக்கி, ஆணின் விதைகளை, அதாவது விந்துச் சுரப்பிகளை, பல மடங்கு பெருக்க வைக்கிறது. இதில் கண்ணுக்குக்கூடப் பெரிய வேலை இல்லை. கண் பார்வையில்லாத வாத்துகளுக்கும் வெளிச்சம் பட்டால் விதைகள் வளர்வதை ஜாக் பெனுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1930களிலேயே காட்டிவிட்டார். மண்டையோட்டை ஊடுருவிப் போகும் ஒளியே போதும். இப்படி உள்ளேயிருந்து முடுக்கிவிடப்பட்ட பிராணியிடம் நல்ல புத்தி எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே செய்ய வேண்டியது பிரிப்பது. ஒரு ஆணுக்குக் குறைந்தது நான்கைந்து பெண்கள் வேண்டும் என்பது வாத்து வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்களிடம் உள்ள மூன்றுக்கு ஒன்றே அதிகம். ஒன்றை மட்டும் பிரித்தால் மிச்சமுள்ளது அதே வேலையைத் தனியாகச் செய்யும். இரண்டையும் சேர்த்தே எடுத்து, பெண்கள் கண்ணில் படாத மூலையில் தனி அடைப்பு போடுங்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் தெரிந்தால் நாள் முழுக்க வலையோரம் நடந்தே பாதை போட்டுவிடும். பெண்கள் பார்வையில் இல்லாதபோது இரண்டு ஆண்கள் பெரும்பாலும் சண்டை சச்சரவில்லாமல் சேர்ந்து கிடக்கும். கடைசியில் எஞ்சுவது சோம்பேறித்தனமான இரண்டு சிநேகிதர்கள்தான்.

பிரிக்கும் முன் எது ஆண் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வால் மேல் சுருண்டு நிற்கும் ஓரிரு இறகுகளைப் பார்த்து முடிவு செய்கிறோம், ஆனால் இறகு உதிர்க்கும்போது அதுவும் போய்விடும். நம்பகமானது குரல். கையில் தூக்கியதும் ஊரே கேட்க 'குவாக் குவாக்' என்று கத்தினால் பெண். தொண்டை கட்டியது மாதிரி கரகரவென்று முனகினால் ஆண்.

ஆண்களை எடுத்துவிட்டால் முட்டை நின்றுவிடுமோ என்று பலர் தயங்குவார்கள். நிற்காது. ஆண் இல்லாமலும் வாத்து முட்டையிடும், அதில் கரு இருக்காது, அவ்வளவுதான்.

கழுத்து இறகு போனதை முதலில் கவனியுங்கள். கொத்தின இறகு மறுபடி முளைக்க நாளாகும், அதுவரை தோல் திறந்தே கிடக்கும். வெயில் ஏற ஏற ஈ மொய்க்கும், புண்ணில் முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு. தினமும் காலையில் இறகைக் கையால் விலக்கிப் பாருங்கள். முதுகின் இரு பக்கமும் ஆணின் கால் நகம் கீறிய இடங்கள் இருக்கும், இறகு மூடியிருப்பதால் வெளியே தெரியாது. ஆழமாக இருந்தாலோ வாடை வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். அதைத் தனியாக அடைக்காதீர்கள். தனி வாத்து ஏங்கிப்போகும். அமைதியான ஒரு பெண்ணைத் துணைக்கு விடுங்கள். தலை முழுவதும் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் வையுங்கள், கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள அது போதும். ஆண்களோடு விட்டிருக்கும் காலத்தில் ஆழமான குளம் ஆபத்து. பெரும்பாலும் நீரில்தான் இணையும், இரண்டு பேர் மாறி மாறி ஏறினால் கீழே உள்ளது மூச்சுத் திணறிச் சாகலாம். நேற்று நீங்கள் இறங்கியது சரியான காரியம்.

இப்போது முட்டை விஷயம். பிள்ளைகள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, இந்த வசந்தத்தில் வேண்டாம் என்பேன்.

மல்லார்ட் வழி வந்த வாத்துக்கு அடைக்காலம் 28 நாள், மஸ்கோவிக்கு 35. முதல் முட்டையிலிருந்து அந்தக் கணக்கு ஓடாது. தினமும் விடியலில் ஒன்றாக இட்டு, சருகும் பொடி இறகும் மூடிவிட்டுப் போகும். ஒரு குவியல் சேர்ந்தபிறகு அசையாமல் உட்காரும் நாள்தான் முதல் நாள். அதற்குப் பிறகு இரவும் பகலும் புதருக்கடியில்தான். நரி தன் குட்டிகளுக்கு இரை தேடி அலைகிற பருவமும் இதுவே. தவிர, முட்டைக்கென்றே தேர்ந்து வளர்த்த காக்கி கேம்ப்பெல் போன்ற இனங்களில் அடை காக்கும் குணமே மங்கிவிட்டது, பாதியில் எழுந்து போய்விடும். அப்புறம் கையில் மிஞ்சுவது கூமுட்டை.

இத்தனையும் தாண்டி எட்டுக் குஞ்சு பொரித்தது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நான்கு ஆண். அடுத்த வசந்தத்தில் உங்களிடம் ஆறு ஆண்கள் இருக்கும். ஆண் வாத்தை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். கொடுத்த இடத்தில் அது எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று நாம் விசாரிக்கவும் மாட்டோம். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அந்த நான்கையும் எங்கே வைப்பது என்று அவர்களே காகிதத்தில் வரைந்து காட்டட்டும். இடமும் செலவும் உண்மையிலேயே இருக்கிறது என்றால் அடுத்த ஆண்டு யோசிக்கலாம். பெண்ணாக மட்டும் பார்த்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஆகவே முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். வாத்து அதிகாலையில் இடும் பழக்கமுள்ளது. காலை எட்டு, ஒன்பது மணிவரை கூண்டைத் திறக்காமல் வைத்தால் வைக்கோலிலேயே இட்டுவிடும், புதர் புதராகத் தேட வேண்டியதில்லை. ஆண்களைப் பிரித்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரை இடும் முட்டையில் கரு இருக்கலாம். நாள்தோறும் எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அது வளராது. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், வாத்து முட்டையை அரைவேக்காட்டில் தின்ன வேண்டாம்.

லெட்டூஸ் நாற்று போனது போனதுதான். ஓடில்லா நத்தையைத் தின்னும் என்று நம்பி வாத்து வாங்குகிறோம், அது நத்தையையும் தின்னும், நத்தைக்குப் பிடித்ததையும் தின்னும். பாத்தியை விதைப்புக்கு முன் ஒருமுறை கிளற விடுங்கள், நாற்று நட்டதும் முழங்கால் உயரத்துக்கு வலை கட்டுங்கள். கனத்த இனங்களுக்கு அது போதும். கோபத்தில் நத்தை மருந்து மட்டும் தூவிவிடாதீர்கள். மெட்டால்டிஹைடு கலந்த குருணை வாத்தையும் கொல்லும்.

கோடை நடுவில் ஆண்கள் பளபளப்பு இழந்து, இறகு உதிர்த்து, பெண்களைப் போலவே மங்கிப்போகும். வேகமும் அடங்கிவிடும். புதுச் சிறகு முளைத்தபின் ஒரு மாலையில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அடைப்பைத் திறந்து பாருங்கள். யாரும் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை என்றால் ஐந்தும் சேர்ந்தே இருக்கட்டும். வலையையும் கம்பத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பகல் மறுபடி நீளும்போது தேவைப்படும்.