துருப்பிடித்த பிரேக் பைப்பை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என் கார் இருபது வயதைத் தாண்டியது. பின் சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் பைப் துருப்பிடித்து ஓரிடத்தில் கசிகிறது. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உட்பட எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறது ஒரு பட்டறை. ஓட்டை விழுந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுள்ள நான் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் அதுவரை காரை எடுக்காதீர்கள். பிரேக்கில் ஆயில் செல்லும் தனித்தனிச் சுற்றுகள் இரண்டு உண்டு, ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும் என்பது உண்மைதான். அது வண்டியை ஓரங்கட்டுவதற்கான ஏற்பாடே தவிர, ஓட்டிக்கொண்டிருப்பதற்கான அனுமதி அன்று. உங்களுக்குக் கிடைத்த இரண்டு யோசனைகளையும் ஏற்க வேண்டாம். கசியும் பைப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாக மாற்றுங்கள். மற்ற பைப்புகளின் கிளிப்புகளையும் கழற்றிப் பாருங்கள். சேறும் ஈரமும் கிளிப்புக்கு அடியில்தான் தங்கும், துருவும் பெரும்பாலும் அங்கேதான் தின்னத் தொடங்கும். சுரண்டினால் செதிலாக உதிர்ந்து அடியில் குழி தெரிகிற பைப்பும் போக வேண்டியதுதான். வாகனத் தகுதிச் சோதனையில் தேறிய வண்டிதானே என்று ஆறுதல் அடையாதீர்கள். சக்கரத்தை உருளையில் வைத்துப் பிடிப்பை அளந்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் சோதனையில், கிளிப்பைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

நடுவில் போடச் சொன்ன ஜாயின்ட், பைப்பின் மேல் ஒரு பித்தளை வளையத்தை நெருக்கிப் பிடிக்கும் வகை என்றால், அது தண்ணீர்க் குழாய்க்கு உரியது. ஒரு டயருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டரை பார் (அழுத்த அலகு). அழுத்தி பிரேக் பிடிக்கும்போது இந்தப் பைப்புக்குள் எழுவது 70 பாரையும் தாண்டும். அந்த வளையம் இன்று சொட்டாமல் இருப்பதைக் காட்டி உங்களிடம் காசு வாங்கிவிடுவார்கள். அவசரமாக நிறுத்த வேண்டிய நாளில் அது பைப்பிலிருந்து நழுவினால், போட்டவர் அருகில் இருக்கமாட்டார்.

மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் பட்டறைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பைப் கசிந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டர் கெட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வெளியே எங்கும் கசிவு இல்லாத நிலையில், பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடிக்கும்போது அது மெல்லக் கீழே இறங்கினால்தான் சிலிண்டர் மேல் சந்தேகம் வரும். கசிவு இருக்கும்போது பெடல் இறங்கத்தான் செய்யும், அதிலிருந்து எதுவும் தெரியாது. சிலிண்டரைக் கெடுக்கும் வழி வேறொன்று உண்டு. பல ஆண்டுகளாகப் பாதித் தூரமே ஓடிய ரப்பர் சீல்களை, காற்று எடுக்கும்போது (பைப்புக்குள் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றும்போது) பெடலைத் தரை வரை மிதித்து, துருவும் அழுக்கும் படிந்த அடிப்பகுதிக்குத் தள்ளினால் அவை கிழியக்கூடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு வேலை செய்தால், பட்டறைக்காரரின் ஜோசியம் பலிக்காது.

அடுத்த பொறி பைப் வாங்கும் இடத்தில் இருக்கிறது. தாமிரமும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் எளிதில் வளையும், துருப்பிடிக்காது, வீட்டு வேலைக்கு அதுவே ஏற்றது. ஏறக்குறைய அதே நிறத்தில் இருப்பதால், குளிர்சாதனப் பெட்டிக்குரிய வெறும் தாமிரக் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு ‘பிரேக்குக்கும் இதுதான் சார்’ என்று விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். வெறும் தாமிரம் தொடர்ந்த அதிர்வில் இறுகி, பிறகு விரிசல் விடும். பிரேக்குக்கு உரிய கலவை என்று பில்லில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இந்த வேலை முழுவதும் பைப் முனையை மடிப்பதில்தான் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் பைப்பின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். ரம்பத்தால் அறுக்காமல் பைப் கட்டரால் நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கி, முதலில் நட்டைக் கோத்துக்கொள்ளுங்கள். முனையை மடித்த பிறகு நட்டு நினைவுக்கு வருவது இந்த வேலையில் எல்லோருக்கும் நேர்வது. பழைய பைப்பின் முனையைக் கழுவிப் பாருங்கள்: வாய் புனல்போல் அகன்று, விளிம்பு உள்ளே இரட்டையாக மடிந்திருந்தால் அது ஒரு வகை, குமிழாகப் பருத்திருந்தால் வேறு வகை. ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று உட்காராது. ‘எல்லா வண்டிக்கும்’ என்று அட்டையில் அச்சிட்ட மலிவுக் கருவிகள் பலவற்றில் ஒரே ஒரு வகைக்குத்தான் அச்சு இருக்கும். நட்டின் மரையிலும் இதே சிக்கல் உண்டு. 10 மில்லிமீட்டர் நட்டும் எட்டில் மூன்று அங்குல நட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும், அல்லது தளர்வாக ஏறி மரையைத் தின்னும். எனவே கையாலேயே கடைசி வரை ஏறாத நட்டுக்கு ஸ்பேனர் வைக்காதீர்கள். இந்த அளவுகளை உரிமையாளருக்கான கையேட்டில் ஒரு வரியில் போட்டிருந்தால் இத்தனை விளக்கம் தேவையில்லை. வளைத்துத் தயாராக வந்த பைப்புகளைப் பழைய வண்டிகளுக்குத் தயாரிப்பதையும் கார் நிறுவனங்கள் பல நிறுத்திவிட்டு, அந்த ஒரு வரியையும் போடாமல் விடுகின்றன.

காரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் காற்று புகக்கூடாது. புகுந்துவிட்டால், பெடலை மிதித்து எடுக்கும் வழக்கமான முறையில் அது முழுதாக வெளியேறாமல் போகலாம். பல வண்டிகளில் கணினிக் கருவியை இணைத்து, உள்ளே இருக்கும் பம்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் வெளியேற்ற முடியும். நீங்கள் மாற்றுவது பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பைப் என்றால், ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. மாஸ்டர் சிலிண்டருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள பைப்பிலும் கசிவு இருந்தால், அதை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். டப்பா ஏற்கெனவே காலியாகி, வேலை முடிந்த பிறகும் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், திரும்பத் திரும்ப மிதித்துப் பயனில்லை. கருவி உள்ள பட்டறைக்கு வண்டியை இழுத்துச் செல்லுங்கள்.

கழற்றும் முன் வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டுகள் மேல் இறக்குங்கள். பெடலைச் சிறிதளவு அமுக்கி, இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தால், டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளை மூடிக்கொண்டு ஒழுக்கு பெருமளவு நிற்கும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பழைய பைப் போன வழியிலேயே புதியதைக் கொண்டுபோய், எல்லாக் கிளிப்புகளையும் மாட்டுங்கள். டப்பாவின் மூடியில் எழுதியுள்ள வகை பிரேக் ஆயிலை, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள்.

காற்று எடுத்து முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைப் பெடலை முழு பலத்துடன் ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லி, புதிய நட்டுகளை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் நட்டை மேலும் மேலும் முறுக்காமல், கழற்றி முனையை வெட்டிவிட்டுப் புதிதாக மடியுங்கள். ஒட்டாவிட்டால் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்; ஒரு வாரம் கழித்து அதே நட்டுகளை மறுபடியும் ஒற்றிப் பாருங்கள்.