டிரெய்லர் டிரைவர் கம்பெனி மாறலாமா? சம்பளத்துக்கு முன்னாடி வெயிட்டிங் காசை கேளுங்க

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு டிரைவர் தம்பி கேட்டிருக்காரு. மூணு வண்டி வச்சிருக்குற ஓனர்கிட்ட 40 அடி டிரெய்லர் ஓட்டுறாரு, போர்ட்டுல இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் லைன், டிரிப் கணக்கு. நல்ல மாசத்துல 32,000 வரைக்கும் வருது, டல்லான மாசம் 20,000 தாண்டல. இப்ப மணலி பக்கம் யார்டு வச்சிருக்குற ஒரு பெரிய கம்பெனில கூப்பிடுறாங்க, மாசம் 27,000 ஃபிக்ஸட், பிஎஃப் இஎஸ்ஐ உண்டு, சேரும்போதே 50,000 அட்வான்ஸ். பழைய ஓனர்கிட்ட 40,000 பாக்கி இருக்கு, ஒரிஜினல் லைசென்ஸும் அவர்கிட்டதான் மாட்டிட்டு இருக்கு. "அண்ணே, போலாமா வேணாமா, என்னென்ன பாக்கணும்?" இதான் கேள்வி.

தம்பி, எல்லாரும் சம்பளத்துல ஆரம்பிப்பாங்க, நான் வெயிட்டிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம ஏரியா கன்டெய்னர் வேலைல ஓட்டுற நேரம் கம்மி, நிக்குற நேரம்தான் ஜாஸ்தி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஜீரோ கேட் க்யூ, காட்டுப்பள்ளி போர்ட்டுக்கு போனா அங்க ஒரு க்யூ, சிஎஃப்எஸ்ல (போர்ட்டுக்கு வெளிய கன்டெய்னர வச்சு கிளியர் பண்ற யார்டு) பேப்பர் வரல, ஃபேக்டரில இறக்க இடம் காலி இல்ல, கடைசியா எம்ப்டி பெட்டிய, அதாவது காலி கன்டெய்னர, விடப் போனா யார்டுல "இன்னைக்கு முடிஞ்சுது நாளைக்கு வா"ன்னுவாங்க. இவ்ளோ நேரமும் யார் கணக்குல போகுதுன்னு பாருங்க, அதான் நல்ல கம்பெனியா இல்லையான்னு காட்டிக் குடுக்கும். டிரிப் கணக்குல அது முழுசா உங்க தலைல விழுது. மாச சம்பளம்னா கம்பெனி தலைலன்னு நினைப்பீங்க, பாதி இடத்துல அப்படி இல்ல, ஏன்னு சொல்றேன்.

அந்த 27,000-ஐ உடைச்சுப் பாருங்க. இஎஸ்ஐக்கு சம்பள உச்சவரம்பு 21,000 ரூபா. 27,000 முழுசும் சம்பளம்னா உங்களுக்கு இஎஸ்ஐ வராது. ரெண்டும் உண்டுன்னு சொல்றாங்கன்னா அதுல ஒரு பங்குதான் சம்பளம், மீதி பேட்டா. உதாரணத்துக்கு 18,000 சம்பளம், 9,000 பேட்டான்னு வச்சுக்குவோம். பேட்டா வண்டி ஓடுனாதான் வரும், வண்டி ஒர்க்‌ஷாப்ல நின்னாலோ லோடு இல்லாம யார்டுல நின்னாலோ வராது. பிஎஃப் 15,000-க்கு 12 சதவீதம்னு பிடிச்சா 1,800, இஎஸ்ஐ 18,000-க்கு 0.75 சதவீதம் 135, ஆக டல் மாசத்துல கைக்கு வர்றது 16,065. இப்ப உங்க ஓனர்கிட்ட டல் மாசத்துல வர்றதோட ஒப்பிட்டுப் பாருங்க. அதனால "27,000-ல பேசிக் எவ்ளோ, பேட்டா எவ்ளோ, வண்டி ஓடாத நாளுக்கு என்ன"ன்னு முதல் கேள்வியே இதான் கேக்கணும். சில எடத்துல முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப் பங்கையும் உங்க சம்பளத்துலயே பிடிச்சிருவாங்க, அது சட்டப்படி தப்பு, சம்பள சிலிப்பை வாங்கிப் பாத்தா தெரிஞ்சிடும்.

இதுக்காக பிஎஃப் இஎஸ்ஐ வேணாம்னு சொல்ல வரல, அது ரொம்ப பெரிய விஷயம், நம்ம ஆளுங்கதான் "கைக்கு வர்றது குறையுது"ன்னு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் தவிக்கிறாங்க. இஎஸ்ஐ இருந்தா உடம்பு முடியாம படுத்தா சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும், வேலைல அடிபட்டு படுத்தா 90 சதவீதம், வைத்தியத்துக்கு நமக்கு அயனாவரம் ஆஸ்பத்திரி பக்கம். பிஎஃப்ல உறுப்பினரா இருக்கும்போது டிரைவர் இறந்துட்டா குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, இது பல பேருக்கு தெரியவே தெரியாது. ஆனா பிடிக்கிறது வேற, கட்டுறது வேற. அந்த கம்பெனில ஓட்டுற ஒரு டிரைவர பழக்கம் பிடிச்சு உமங் ஆப்ல அவரோட பிஎஃப் பாஸ்புக்கை திறந்து காட்டச் சொல்லுங்க, மாசா மாசம் ஏறியிருக்கான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

வெயிட்டிங் காசுக்கு, நம்ம லைன்ல ஹால்டிங்னு சொல்றோம்ல, அதுக்கு ஒரு வழி சொல்றேன். ஆபீஸ்ல "ஹால்டிங் தருவோம்"னு வாயால சொல்றத நம்பாதீங்க, அவங்க டிரிப் ஷீட் ஒண்ணு வாங்கிப் பாருங்க. அதுல கேட் உள்ள போன டைம், வெளிய வந்த டைம், ஃபேக்டரி ரிப்போர்ட் பண்ண டைம், இறக்கி முடிச்ச டைம்னு கட்டம் போட்டிருக்கா? எத்தன மணி நேரத்துக்கு அப்புறம் ஹால்டிங்னு கீழ அச்சடிச்சிருக்கா? இருந்தா அவங்க கஸ்டமர்கிட்ட டிடென்ஷன் (வண்டிய நிக்க வச்சதுக்கு காசு) வாங்குறாங்க, உங்களுக்கும் தர வழி இருக்கு. வெறும் புறப்பட்ட எடம், சேர்ந்த எடம், கிலோமீட்டர், டீசல்னு மட்டும் இருந்தா ஹால்டிங்னு ஒண்ணு அவங்க கணக்குலயே கிடையாதுன்னு அர்த்தம்.

டீசலும் இதோட சேர்ந்த கதைதான். பெரிய கம்பெனில கிலோமீட்டருக்கு இவ்ளோ லிட்டர்னு ஃபிக்ஸ் பண்ணி, மேல போனா ஷார்ட்டேஜ்னு சம்பளத்துல பிடிப்பாங்க. க்யூல அஞ்சடி பத்தடியா நகந்து நகந்து எரியுற டீசலுக்கு கிலோமீட்டர் ஏறாது. ஹைவே ஓட்டுறவனுக்கு போடுற மைலேஜை போர்ட் வண்டிக்கும் போட்டாங்கன்னா மாசா மாசம் உங்க பாக்கெட்டுலதான் கை வைப்பாங்க. இத தனியா கேளுங்க. டயர் வெடிச்சா, கண்ணாடி உடைஞ்சா யாருதுன்னும் கேளுங்க. நஷ்டம்னு சொல்லி பிடிக்கணும்னா உங்க கவனக்குறைவுன்னு இருக்கணும், விளக்கம் சொல்ல வாய்ப்பு தரணும், எல்லா பிடித்தமும் சேர்ந்து சம்பளத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, சட்டத்துலயே இருக்கு.

வண்டிய நேர்ல போய் பாக்காம சேராதீங்க. யார்டு வாசல்ல நின்னு நாலு வண்டி நம்பரை குறிச்சு எம்பரிவாகன் ஆப்ல போடுங்க, எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு தர்ற சான்று), இன்சூரன்ஸ் எது வரைக்கும் இருக்குன்னு வந்துரும். ஆக்சிடென்ட் கேஸ்ல ஓனரோட சேத்து டிரைவரையும் எதிர்தரப்பா போடுவாங்க, இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னா அந்த நஷ்டஈட்டு காசு யார் தலைல வரும்னு யோசிங்க. அப்புறம் டிரெய்லர் பக்கத்துல குனிஞ்சு, கன்டெய்னர டிரெய்லரோட பூட்டுற ட்விஸ்ட் லாக்கை பாருங்க, நாலு மூலைலயும் கைப்பிடி திரும்புதா, பூட்டுதா, இல்ல துருப்பிடிச்சு இறுகிப் போய் கம்பி போட்டு கட்டி வச்சிருக்காங்களா. லாக் பிடிக்காத பெட்டி வளைவுல அப்படியே சாயும், பக்கத்துல பைக்ல போறவன் உயிர் போகும், ஜெயிலுக்கு உள்ள போறது நீங்க. அத பாத்துட்டு "பரவால்ல ஓட்டுவோம்"னு ஒரு நாளும் சொல்லாதீங்க தம்பி. லாக்குக்கு செலவு பண்ணாத கம்பெனி பிரேக்குக்கும் பண்ண மாட்டான்.

வண்டி புதுசுன்னா கேபினையும் பாருங்க. 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாரான லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம், சித்திரை வெயில்ல க்யூல நிக்குறவனுக்கு இது சொகுசு இல்ல. ஆனா "ஏசி போட்டா டீசல் உங்க கணக்கு"ன்னு சொல்ற எடமும் உண்டு, கேட்டுக்குங்க.

ஓவர்லோடு கேஸ் அடிப்படை அபராதமே 20,000, அதுக்கு மேல கூடுதல் டன் ஒண்ணுக்கு 2,000. சீல் போட்ட பெட்டிக்குள்ள என்ன வெயிட்னு டிரைவருக்கு தெரியாது, அதனால வெயிட் சிலிப் இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்னு சொன்னா அந்த சூப்பர்வைசர் என்ன சொல்றாருன்னு அங்க ஓட்டுறவங்ககிட்ட விசாரிங்க. "போ போ நான் பாத்துக்குறேன்"னா, மாட்டுனா பாத்துக்க மாட்டாரு. சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டு, அதாவது இ-வே பில்லும் அப்படித்தான், சாதா சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் வேலிடிட்டி, க்யூல நின்னு அது முடிஞ்சு போச்சுன்னா நீட்டிக்க ஆபீஸ்ல ராத்திரி போன் எடுக்க ஆள் இருக்கணும். மணலில டேங்கர் வேலையும் தரேன்னு சொன்னா, அபாயகரமான சரக்குக்கு தனி பயிற்சி முடிச்சு லைசென்ஸ்ல எண்டார்ஸ்மென்ட் இருக்கணும், இல்லாம ஏறாதீங்க.

இப்ப அட்வான்ஸ். 50,000 கேக்க நல்லா இருக்கும், ஆனா சேரும்போதே பெரிய அட்வான்ஸ் தர்ற கம்பெனில டிரைவர் ஏன் நிக்கறதில்லன்னு முதல்ல கேளுங்க. பழைய கடனை அடைக்க புது கடன் வாங்குனா, பிடிக்கலன்னாலும் வெளிய வர முடியாது, முதலாளி முகம்தான் மாறும். மாசத்துக்கு எவ்ளோ பிடிப்பாங்க, நடுவுல விலகினா என்னன்னு எழுதி வாங்காம கை நீட்டாதீங்க, வெத்து செக்கு, வெத்து பத்திரம்னு எதுலயும் கையெழுத்து போடாதீங்க. லைசென்ஸ் உங்களோடது, கடன் இருக்குன்னு அத வச்சுக்க ஓனருக்கு உரிமை கிடையாது. சண்டை போடாம "கணக்கு பாத்துரலாம் அண்ணே"ன்னு உக்காந்து, வர வேண்டிய டிரிப் காசெல்லாம் கழிச்சு மிச்சம் எவ்ளோன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு லைசென்ஸை வாங்குங்க. அதுவரைக்கும் டிஜிலாக்கர்ல ஏத்தி வச்சுக்குங்க, செக்கிங்ல அது செல்லும். புது எடத்துல ஒரிஜினல் கேட்டா ஜெராக்ஸ் மட்டும் குடுங்க.

விசாரிக்கிறது எங்கன்னா, யார்டுக்கு எதிர்ல இருக்குற டீக்கடை. ஆபீஸ் ஆளு சொல்றத விட அங்க டீ குடிக்கிற டிரைவர் சொல்றது நிஜம். சம்பளம் எந்த தேதில ஏறுது, போன தீபாவளிக்கு போனஸ் வந்துச்சா, ராத்திரி ஓட்டிட்டு வந்தவன விடிஞ்சதும் திரும்ப ஏத்துறாங்களான்னு கேளுங்க. நாளைக்கு 8 மணி நேரம்தான்னு 1961-லயே லாரி, பஸ் தொழிலாளிங்களுக்கு சட்டம் போட்டாங்க, நம்ம லைன்ல யாரும் அப்படி ஓட்டல, ஆனா தூங்க விடுற கம்பெனிக்கும் விடாத கம்பெனிக்கும் வித்தியாசம் இருக்கு. உங்க வீட்லயும் ஒரு வார்த்தை கேளுங்க, மாசம் இவ்ளோன்னு நிச்சயமா வந்தா போதும்னு அவங்க நினைக்கலாம், அதுவும் கணக்குல வரணும்.

உங்க விஷயத்துல என் அபிப்பிராயம் இது. இப்பவே விட்டுட்டு போகாதீங்க, ஓனர்கிட்ட ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு அந்த கம்பெனிக்கு ஆக்டிங் டிரைவரா ஒரு போர்ட் டிரிப் போயிட்டு வாங்க, ஒரே டிரிப்ல சூப்பர்வைசர், வண்டி, க்யூ, பேட்டா எல்லாம் தெரிஞ்சிரும். பேசிக் 20,000-க்கு பக்கத்துல, ஹால்டிங் டிரிப் ஷீட்ல, பிடித்தம் என்னென்னன்னு நியமனக் கடிதத்துல, இந்த மூணும் எழுத்துல வந்தா அட்வான்ஸ் வாங்காம சேருங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து நடைமுறைக்கு வந்த புது தொழிலாளர் சட்டத்துல நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம், அதனால கேக்க தயங்காதீங்க. தர மாட்டேன்னா உங்க ஓனர்கிட்டயே இருந்துக்கிட்டு, டிரிப் காசோட ஹால்டிங்கும் வேணும்னு பேசிப் பாருங்க, மூணு வண்டி ஓனருக்கு நல்ல டிரைவர் போனா வண்டி நிக்கும், அது அவருக்கும் தெரியும். ஆக்டிங் போயிட்டு வந்ததும் அந்த டிரிப் ஷீட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, கணக்கு போட்டு சொல்றேன்.