ஏற்றத்தில் குதிக்கும் கெப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே முறைப்பாடுதான். பாரத்தோடு ஏற்றத்தில் எடுக்கும்போது கெப்பின் பின்பக்கம் தடதடவென்று அடிக்கிறதாம். மழை பிடித்துக்கொண்டால் மலைநாட்டில் இந்தக் கடிதங்கள் வரத்தான் செய்யும். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தச் சாமானையும் வாங்குமுன், பின் எக்ஸலை ஸ்பிரிங் பட்டைகளோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைப் பாருங்கள்.

அண்ணே, டபுள் கெப் வைத்திருக்கிறேன். உர மூட்டையோடு தோட்டத்து ரோட்டில் முதல் கியரில் ஏறும்போது பின்சக்கரம் குதிக்கிறது. பின் ஷொக் இரண்டும் புதிது போட்டும் அப்படியேதான் இருக்கிறது. (நோர்வூட்)

ஷொக்குக்குக் கொடுத்த காசு வீண், தம்பி. உங்கள் வண்டியில் பின் எக்ஸல் முறுக்குகிறது. கணக்கைப் பாருங்கள். என்ஜின் 300 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைப்போம். முதல் கியரில் அது ஏறக்குறைய 4 மடங்கு, டிஃபரன்ஷலில் இன்னொரு 4 மடங்கு. சக்கரத்துக்கு வரும்போது 5,000 ஐ நெருங்கிவிடும். சக்கரத்தை முன்னால் உருட்டும் அதே விசை எக்ஸல் கூட்டைப் பின்னால் உருட்டப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை ஸ்பிரிங் பட்டைகள் மட்டும்தான். பட்டை சோர்ந்திருந்தால் பாம்பு நெளிவதுபோல் வளையும், பினியன் மூக்கு, அதாவது டிஃபரன்ஷலில் புரொப்பெலர் ஷாஃப்ட் வந்து பூட்டும் முன்முனை, மேலே எழும்பும். ஈரக் கல்லில் டயர் வழுக்கியதும் பட்டை சட்டென்று நிமிர்ந்து அடிக்கும். டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி வளையும். நொடிக்குப் பல தடவை இது நடப்பதைத்தான் நீங்கள் குதிப்பதாக உணர்கிறீர்கள்.

முதலில் யூ போல்ட். அதன் இறுக்கம் வண்டிக்கு வண்டி மாறும். சரியான எண் உங்கள் வண்டியின் மானுவலில் இருக்கும், டோர்க் ஸ்பேனரால் அந்த அளவுக்கு இறுக்குங்கள். யூ போல்ட் உட்காரும் தட்டின் ஓரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். செங்கல் நிறத்தில் மாவு மாதிரித் துருத்தூள் கோடு போட்டிருந்தால் அங்கே இரும்பு இரும்போடு உரசி அசைந்துகொண்டிருக்கிறது. பிறகு பட்டைகளின் நடுவே ஊடுருவிப் போகும் சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்கள் இருக்கின்றனவா, பட்டையின் முன்முனை வளையமான முன் கண்ணில் உள்ள ரப்பர் புஷ் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வண்டிகளில் கிளிப் விழுந்தே போயிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. இவையெல்லாம் சரியாக இருந்தும் வெறும் வண்டி நிற்கும்போதே பட்டை தட்டையாகக் கிடந்தால் ஸ்பிரிங் செட்டின் ஆயுள் முடிந்தது.

எக்ஸல் முறுக்கைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு நானே சோதித்தேன். ஹேண்ட் பிறேக்கை நன்றாகப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுப் பார்த்தேன். எக்ஸல் அசையவே இல்லை. ஆகவே என் வண்டியில் முறுக்கு இல்லைதானே? (தலவாக்கலை)

அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. ஹேண்ட் பிறேக் பின்சக்கரத்தின் ட்ரம்மைப் பிடிக்கிறது, ட்ரம்மின் ஷூ எக்ஸல் கூட்டிலேயே பூட்டியிருக்கிறது. சக்கரம் கூட்டோடு பூட்டிக்கொண்டால் முறுக்கு விசை கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பட்டைக்கு வேலையே வராது. கால் பிறேக்கை மிதித்தாலும் இதே கதைதான்.

முன்சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கட்டைகளைக் கொடுத்து, எல்லாப் பிறேக்கையும் விட்டு, அனுபவமுள்ள ஒருவர் இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாகத் தொட வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ ஒருவரும் கூடாது. இதைவிட நல்ல வழி, போனை சேசிஸில் இறுகக் கட்டி, பினியனை நோக்கி வீடியோ ஓடவிட்டு, வழக்கமாகக் குதிக்கும் ஏற்றத்திலேயே ஏறுவது. மூக்கு ஒரு விரல் அகலம் எழும்பினால் பரவாயில்லை. மூன்று விரல் எழும்பினால் சந்தேகமே வேண்டாம்.

பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடலாமா? நூல் நன்றாகத்தான் இருக்கிறது. (கொட்டகலை)

கூடாது. ஒரு தடவை இறுக்கியதும் அது நீண்டுவிடுகிறது, நூல் நன்றாக இருப்பது கணக்கில்லை. புதிது போட்டு, 500 கிலோமீட்டரில் ஒரு தடவையும் 1,000 இல் ஒரு தடவையும் மறுபடி இறுக்குங்கள்.

வண்டி குலுங்குகிறது. என்ன செய்யலாம்? (இடம் எழுதவில்லை)

என்ன வண்டி, எந்தக் கியர், பாரம் இருந்ததா, ஏற்றமா இறக்கமா? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் யூ போல்ட்டைப் பாருங்கள்.

தோட்டத்து ரோட்டில் அடி தட்டுகிறது என்று பெரிய டயர் போட்டு, பின்னால் ஸ்பிரிங்குக்கும் எக்ஸலுக்கும் நடுவில் இரண்டு கட்டை வைத்து உயர்த்தினோம். அதற்குப் பிறகுதான் நடுக்கம். புரொப்பெலர் ஷாஃப்ட் குரொஸ் இரண்டு தடவை உடைந்துவிட்டது. குரொஸ் தரமில்லையா? (வெலிமடை)

ஷாஃப்டை வளைந்து சுற்றவிடும் அந்தக் குரொஸ் மூட்டின் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கட்டைகள்தான் காரணம். எத்தனையோ வருஷமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கராஜுக்குக் கராஜ் கட்டை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டயர் தரையில் தள்ளுகிறது. அந்தத் தள்ளு பட்டையை முறுக்கும் அளவு, தரையிலிருந்து பட்டை எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 45 சென்டிமீட்டரில் இருந்த பட்டையை 3 அங்குலக் கட்டை வைத்து 52, 53க்கு ஏற்றினால் முறுக்கு ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். பெரிய டயர் அதையும் மேலே தூக்குகிறது. பட்டை மட்டும் பழையதுதான், அதற்கு ஒரு பலமும் கூடவில்லை.  ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் இரும்பு வழுக்குவதற்கு இன்னொரு இடத்தையும் நீங்களே செய்து கொடுக்கிறீர்கள்.

சில காலத்துக்கு முன் ஒரு கராஜில் மரக்கறி ஏற்றும் கெப் ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டை என்று வைத்திருந்தது சதுர இரும்புக் குழாயை வெட்டிய துண்டு. இடது பக்கத் துண்டின் பெயின்ட் தேய்ந்து இரும்பு மின்னிக்கொண்டிருந்தது. அது பின்னால் அரை அங்குலம் நகர்ந்து, சென்டர் போல்ட் தலை துளைக்கு வெளியே வந்துவிட்டிருந்தது. அந்த வண்டி கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் இறங்கி வந்திருக்கிறது. நகர்ந்த துண்டு விழுந்திருந்தால் எக்ஸல் ஒரு பக்கம் பின்னுக்குப் போயிருக்கும். அந்த வளைவில் எதிரே பஸ் வந்தால் என்ன ஆகும்? பொருத்தியவர் கேட்டதெல்லாம், "எவ்வளவு உயரம் வேணும்?" என்பது மட்டும்தான். எவ்வளவு பாரம், எந்த ரோட்டு என்று கேட்கவே இல்லை. கேட்காதவரிடம் உங்கள் பிள்ளைகள் ஏறும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உயரம் வேண்டுமென்றால் அந்த உயரத்துக்கு வளைத்துச் செய்த முழு ஸ்பிரிங் செட்டைப் போடுங்கள். செலவு அதிகம்தான். ஆனால் இரண்டு குரொஸ், கூலி, வண்டி ஓடாமல் நின்ற நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். உயர்த்தியதும் பினியன் கோணத்தை அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது குரொஸும் போகும். கட்டைகளை இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.

உடைந்த மெயின் பட்டையை வெல்டிங் பண்ணித் தந்தார்கள். எத்தனை நாள் தாங்கும்? (மஸ்கெலியா)

கழற்றுங்கள். ஸ்பிரிங் இரும்பின் பதம் வெல்டிங் சூட்டில் போய்விடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். மெயின் பட்டைதான் எக்ஸலைச் சேசிஸோடு பிடித்திருக்கிறது.

நானே வண்டி ஓட்டி மரக்கறி கொண்டு போகிறேன். மூட்டை ஏற்றிய அன்று மட்டும், சமதரையிலும், எடுக்கும்போது நடுங்குகிறது. 20 தாண்டினால் நின்றுவிடுகிறது. டயர் வழுக்குவதில்லை. வெறும் வண்டியில் ஒன்றுமில்லை. எக்ஸல் முறுக்கா? (அப்புத்தளை)

கடிதம் எழுதினால் இப்படி எழுத வேண்டும், தங்கச்சி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முறுக்கைவிட நடு பெயரிங்மேல்தான் எனக்குச் சந்தேகம். உங்கள் புரொப்பெலர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் ரப்பரில் தொங்கும் பெயரிங் ஒன்று இருக்கும். பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து குரொஸ்களின் கோணம் மாறுகிறது. ரப்பர் தளர்ந்திருந்தால் எடுக்கும்போது ஷாஃப்ட் ஆடும், வேகம் வந்ததும் அடங்கும். என்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வெறும் வண்டியிலும் நடுங்கியிருந்தால் கிளட்சைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஸ்பிரிங்குக்குக் காசு செலவழிக்குமுன் இதை முடியுங்கள். யூ போல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் நவாராவில் பின்னால் சுருள் ஸ்பிரிங். எனக்கும் இது வருமா? (ஹட்டன்)

பட்டை இல்லாத இடத்தில் பட்டை முறுக்காது. அடித்தால் எக்ஸலைப் பிடித்திருக்கும் லிங்க் ஆர்ம் புஷ்களைப் பாருங்கள்.

பட்டைகளுக்கு நடுவில் பழைய என்ஜின் ஒயில் விட்டால் நல்லதென்கிறார்கள். (இராகலை)

சத்தம் குறையும். கூடவே புஷ் ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் துள்ளலைக் கொஞ்சம் அடக்குகிறது, ஒயில் அதையும் கெடுக்கும். துருவைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, புது ஸ்பிரிங்கும் போட்டாயிற்று. என்ஜின் பெரியது என்பதால் இன்னும் கொஞ்சம் குதிக்கிறது. எக்ஸலிலிருந்து சேசிஸுக்கு ஒரு தண்டு போடலாமா? (பொகவந்தலாவை)

போடலாம். நீங்கள் ஒழுங்காக வரிசையில் வந்திருக்கிறீர்கள். தண்டின் பின்முனை எக்ஸல் கூட்டில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். முன்முனை சேசிஸில் ஆடும் ஷக்கிளில் தொங்க வேண்டும். முன்முனையை அசையாமல் பூட்டிவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது தண்டு ஒரு வட்டத்திலும் ஸ்பிரிங் வேறொரு வட்டத்திலும் போகப் பார்க்கும். இரண்டில் ஒன்று முறியும், பெரும்பாலும் பிராக்கெட் கிழியும். எக்ஸல் கூட்டில் வெல்டிங் பண்ணுபவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும், சூடு ஏறிக் கூடு கோணினால் உள்ளே பெயரிங்கெல்லாம் போகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டு போடும்வரை ஏற்றத்தில் குதிக்கத் தொடங்கியதுமே காலை எடுங்கள். மிதித்து ஏறிவிடலாம் என்று பார்த்தால் சக்கரத்தைச் சுற்றும் ஹாஃப் ஷாஃப்டோ டிஃபரன்ஷல் பல்லோ அங்கேயே போய்விடும். ஈரமான மண் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரமும் இழுக்கும், பின் எக்ஸலுக்கு வேலை குறையும். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள்.